தோட்டத்துச் செக்ரோல், கோயில் கணக்கு: எப்படி அடுக்குவது?

லயத்துப் பிள்ளை (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். தோட்டக் கோயில் ஸ்டோரில் மூன்று இரும்புப் பெட்டி நிறையப் பழைய காகிதம் இருக்கிறது. 1950கள், 60களின் செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு), திருவிழாக் கணக்கு நோட்டு, தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேடு, ஒட்டும் ஆல்பத்தில் படங்கள். சிலதில் பூஞ்சை, சிலதில் பூச்சி அரிப்பு. எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகப் பிரித்து லேமினேட் செய்யலாம் என்கிறது கமிட்டி. சரிதானா?

பழைய கிராணி:
லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பசை தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க வராது. செல்லோடேப்பும் ஆகாது, பசை மஞ்சளாகி எழுத்தின் மேல் கறை விடும். குண்டூசி, கிளிப் துருப்பிடித்திருந்தால் பிடுங்காமல் மெல்ல நெம்பி எடுங்கள்.

ஆண்டுவாரியாகக் கலப்பதுதான் பெரிய தப்பு. எதன் பக்கத்தில் எது கிடந்தது என்பதும் சாட்சிதான். செக்ரோலில் ஒரு பக்கம் எடுங்கள்: ஆள் எண், பெயர், நாளுக்கு ஒரு கட்டம், ஓரத்தில் பிடித்தம். கோயில் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்த தோட்டமென்றால், கோயில் நோட்டில் அதே மாதம் வரவு விழுந்திருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் திருவிழாவை யார் காசு நடத்தியது என்று தெரியும். பிரித்துப் போட்டால் இரண்டும் வெறும் எண்கள்.

முதலில் பெட்டியைத் திறந்தபடியே கைப்பேசியில் படம் எடுங்கள். பெட்டிக்கு 1, 2, 3. கட்டுக்கு 1/1, 1/2. எண்ணைப் பென்சிலில்தான் எழுத வேண்டும், பேனா ஊறும். எண், என்ன பொருள், எந்த ஆண்டு முதல் எதுவரை, என்ன நிலை: ஒரு நோட்டில் இவ்வளவு போதும்.

காகிதப் பூச்சி:
பூஞ்சை பிடித்ததைத் தனியே எடுத்து, முகமூடி போட்டு, வெளியே நிழலில் காய வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மெல்லிய பிரஷ். ஈரத்தில் தேய்த்தால் கறை உள்ளே இறங்கும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை திரும்ப வரும். பகலில் ஏர்கான் ஓட்டி இரவில் அணைப்பது, போடாததைவிட மோசம்.

உயிருள்ள பூச்சி இருந்தால் காய்ந்த நோட்டைக் காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள்; ஒரு நாள் வெளியே கிடக்கட்டும், இல்லையேல் தாளில் நீர் கோக்கும். படங்களை இதில் சேர்க்க வேண்டாம். ஆல்பத்தில் ஒட்டிய படத்தின் அடியில் பல் இடுக்குக்குப் போடும் நூலை விட்டு, அறுப்பதுபோல இழுத்தால் கழன்று வரும்.

லயத்துப் பிள்ளை:
நன்றி ஐயா. ஸ்கேன் செய்து ஃபேஸ்புக்கில் போடலாமா?

பழைய கிராணி:
தாளுக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), படத்துக்கு 600, டிஃப் (TIFF) கோப்பு வடிவம். ஏ4 வண்ணத்தில் ஒரு பக்கம் ஏறத்தாழ 46 எம்பி, ஆயிரம் பக்கம் 46 ஜிபி. இரண்டு ஹார்ட்டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

பள்ளிப் பதிவேட்டை அப்படியே ஃபேஸ்புக்கில் ஏற்றாதீர்கள். பிறந்த தேதியும் தகப்பன் பெயரும் இருக்கும்; அந்தப் பிள்ளைகளில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். திருவிழாப் படம் போடுங்கள், ஆள் அடையாளம் கேளுங்கள். பெரியவர்கள் சொல்லும் பெயரைப் படத்தின் பின்னால் ஓரமாக 2பி பென்சிலில் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் சேர்த்து.