மறு: சொஃப்ட்போன் லைசென்ஸ் – எந்தச் சொல்லை எடுப்பது?

எல்லோருக்கும் வணக்கம்.

கணினியிலோ கைத்தொலைபேசியிலோ செயலியாக ஓடுகிற தொலைபேசிதான் சொஃப்ட்போன். கையேட்டில் அதை மென்பேசி என்பதா மென்தொலைபேசி என்பதா என்று மடல்கள் நீண்டுகொண்டே போகின்றன. எனக்கென்றால் அந்தச் சொல்லை விட அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ‘லைசென்ஸ்’தான் தலையிடி. யாழ்ப்பாணத்தில் கந்தோர்களுக்கும் (அலுவலகங்களுக்கும்) தனியார் வைத்தியசாலைகளுக்கும் ரெலிபோன் சிஸ்டம் பூட்டிக் கொடுப்பது என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்துதான் பேசுகிறேன்.

முதலில் மென்பேசியை முடித்துவிடுவோம்.

> மென்பேசி நல்ல சொல். கைபேசி, அலைபேசி வரிசையில் ஒட்டி நிற்கும்.

கோவை ஐயா சொல்வது சரி. நாங்கள் இங்கே கைத்தொலைபேசி என்று நீட்டி எழுதுகிறவர்கள், ஆனாலும் மென்பேசி எங்கள் வாயிலும் இடறவில்லை. மென்தொலைபேசியில் ஒரு சிக்கல் உண்டு. மென்றொடர்க் குற்றியலுகரம் படித்த எங்களூர் வாத்தியார்மாரிடம் அதைக் காட்டினால் ‘மென்றொலைபேசி’ என்று திருத்தித் தருவார்கள். இலக்கணம் அவர்கள் பக்கம்தான். ஆனால் போனை யாரோ மென்று துப்பியதுபோல இருக்கிறது! ‘மென்பேசி என்றால் மெல்லப் பேசுகிறவர் என்று நினைப்பார்கள்’ என்ற பயம் தேவையில்லை, மென்பொருள் பழகிய காதுக்கு ‘மென்’ எதைக் குறிக்கிறது என்று தெரியும். உண்மையான ஆபத்து அச்சுப்பிழைதான். ஒரு கொம்பு மாறினால் மின்பேசி. மின்னூல், மென்னூல் இரண்டும் கலந்து கிடப்பதைத்தான் பார்க்கிறோமே. சரிபார்க்கிறவர்கள் கண்ணை விரித்துப் பார்த்தால் போதும். என் வாக்கு மென்பேசிக்கு.

இனி லைசென்ஸ்.

> இலங்கை அரச ஆவணங்களில் லைசென்ஸ் என்றால் அனுமதிப்பத்திரம். சாரதி அனுமதிப்பத்திரம் என்று எழுதிவிட்டு மென்பொருளுக்கு மட்டும் உரிமம் என்றால் சனம் குழம்பாதா?

கொழும்பிலிருந்து எழுதிய தங்கச்சி, குழம்பாது, தெளியும் என்கிறேன். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் தொலைபேசிச் சேவை நடத்துகிற கொம்பனிக்கு அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டும். அந்தச் சேவையைப் பாவிக்கிற கந்தோர் வாங்குவது மென்பொருள் லைசென்ஸ். இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் அடுத்தடுத்த பந்தியில் வருவதுண்டு. முன்னது அரசாங்கம் கொடுப்பது, பின்னது வியாபாரி விற்பது. இரண்டுக்கும் அனுமதிப்பத்திரம் என்றே போட்டால் வாசிக்கிறவருக்கு எது எதுவென்று விளங்காது. அரசாங்கம் தருவதை அனுமதிப்பத்திரம் என்றே விடுவோம், மென்பொருளுக்கு உரிமம். இந்த விசயத்தில் தமிழ்நாட்டுச் சொல்லைக் கடன் வாங்குவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ‘மென்பேசி உரிமம்’ என்று இரண்டு சொல்லை ஒட்டிவிட்டால் வேலை முடியாது. அந்த உரிமம் எதை எண்ணுகிறது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

செயலியை இறக்குவதற்குப் பெரும்பாலும் காசு இல்லை. லின்போன் போன்றவை திறமூலமாகவே கிடைக்கின்றன. காசு கேட்பது, அழைப்புகளை இணைத்துவிட நடுவிலிருக்கும் எக்ஸ்சேஞ்ச். மென்பேசி ஒரு நீட்டிப்பு இலக்கத்தோடும் (கந்தோருக்குள் கூப்பிடும் உள் இலக்கம்) கடவுச்சொல்லோடும் போய் அங்கே பதிவாகும்போது, அது எண்ணத் தொடங்கும். எதை எண்ணும் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. சிலர் பெயர் போட்ட ஆட்களை எண்ணுகிறார்கள், அந்த ஆள் லீவில் நின்றாலும் எண்ணிக்கையில் ஒன்று. சிலர் கருவியை எண்ணுகிறார்கள்: மடிக்கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரே ஆள் செயலியைப் போட்டால் இரண்டு. சிலர் பதிவாகியிருப்பதை எண்ணுகிறார்கள், வீட்டுக்குப் போனவர் மடிக்கணினியை மூடாமல் விட்டால் இரவு முறைக்கு வந்தவருக்கு இடம் இல்லை. இன்னும் சிலர் ஒரே நேரத்தில் நடக்கிற உரையாடலை மட்டும் எண்ணுகிறார்கள். த்ரீசிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் அப்படித்தான் பெயரெடுத்தது. நூறு பேருக்குக் கொடுத்தாலும் எட்டு அழைப்புக்கு வாங்கியிருந்தால் ஒன்பதாவது அழைப்புப் போகாது.

1999இல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருவதால் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கே அதில் இல்லை. ஆனால் அதிலும் ஜி.729 என்ற குரல் சுருக்க முறையைப் பாவிக்க, ஒரே நேரத்தில் ஓடுகிற ஒவ்வொரு வழிக்கும் ஒரு உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 2017 பிறந்ததோடு பெரும்பாலான காப்புரிமைகள் காலாவதியாகி அந்தத் தொல்லை ஒழிந்தது. ‘இலவச சிஸ்டம் என்றீர்கள், பிறகேன் பில் வருகிறது?’ என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்வதற்குத் தமிழில் ஒரு சொல் இல்லாமல் நாங்கள் நின்றது அந்தக் காலத்தில்தான்.

விலைமனுவில் ‘12 பாவனையாளர் லைசென்ஸ்’ என்று ஒரு வரி இருந்தால், அதில் என்ன எண்ணப்படுகிறது என்று யாருக்குத் தெரியும்? இங்கே ஒரு வைத்தியசாலை வரவேற்பில் பன்னிரண்டு பேர் முறை மாறி மாறி வேலை செய்கிறார்கள். ஒரு நேரத்தில் கதிரையில் இருப்பது நாலு பேர். நாலு போதுமான இடத்தில் பன்னிரண்டுக்குக் காசு கட்டியிருந்தார்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை, அந்த வரி எதையும் சொல்லவில்லை.

ஆகவே ‘வாரி’யைப் பிடிப்போம் என்கிறேன். ஊர்வாரி, மாவட்டவாரி என்று சனம் நாளாந்தம் சொல்வதுதான். ஆள்வாரி உரிமம், கருவிவாரி உரிமம். ‘ஆளுரிமம்’ என்று சுருக்கலாம் என்று ரொறன்ரோ அண்ணை எழுதியிருந்தார். அண்ணை, அதைப் பார்த்தால் யாரோ ஆட்சி உரிமை கேட்கிறார்கள் போல இருக்கிறது. எங்கள் ஊரில் இது வேறு கதையாகிவிடும். வாரி தமிழ் இல்லை என்று யாரும் எழுத முதல் சொல்லிவிடுகிறேன்: கந்தோரும் தமிழ் இல்லை, ஒல்லாந்தர் விட்டுப்போனது, அதற்குள் இருந்துதான் இவ்வளவு காலமும் வேலை பார்த்தோம்.

அழைப்பை எண்ணுவதற்கு ‘அழைப்புவாரி’ சரிவராது. ஒவ்வொரு கோலுக்கும் காசு வெட்டுவார்கள் என்று நினைத்துவிடுவார்கள். ‘ஒருங்கழைப்பு’ என்று ஒருவர் சொன்னார். சாதாரண தரக் கணிதத்தில் ஒருங்கமை சமன்பாடு செய்த பிள்ளைகளுக்கு அது பிடிபடும். ஆனால் மற்றவர்கள் பலபேர் சேர்ந்து பேசுகிற கொன்பரன்ஸ் கோல் என்று எடுப்பார்கள். அழகு குறைந்தாலும் ‘ஒரேநேர அழைப்பு உரிமம்’ என்று வெளிப்படையாக வைப்போம். ஒரே அழைப்பு என்று வாசித்துவிடாமல் ‘ஒரேநேர’ என்பதை எப்போதும் சேர்த்தே எழுத வேண்டும்.

மிச்சம் இருப்பது, பெயர் போடாமல் பொதுவில் கிடக்கும் உரிமம். யார் முதலில் பதிகிறாரோ எடுப்பார், விலகினால் அடுத்தவருக்கு. ‘மிதக்கும் உரிமம்’ என்கிறார்கள். என்ன மிதக்கிறது, எதில் மிதக்கிறது? ‘பொது உரிமம்’ என்றால் ஜிபிஎல்லுக்கு வழங்கும் பொதுமக்கள் உரிமத்தோடு முட்டும். ‘கைமாற்று உரிமம்’ வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னொரு கொம்பனிக்கு மாற்றி விற்கலாம் என்று படும். பல சிஸ்டங்களில் அது முடியவே முடியாது. உதாரணமாக அவாயா ஐபி ஒபிஸ் 500 வி2 என்ற எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் உரிமம் அதில் செருகிய எஸ்டி அட்டையின் தொடரிலக்கத்தோடு கட்டுப்பட்டது.

எங்கள் காணி உறுதிகளில் ‘கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும்’ என்று வரும். பங்குக்கிணற்றில் ஒருவர் தன் முறைக்கு இறைப்பார், முடித்ததும் மற்றவர் இறைப்பார். கிணறு ஒன்று, பங்காளிகள் பலர். அந்த உரிமமும் அப்படித்தான். வெறும் ‘பங்கு உரிமம்’ என்றால் கொம்பனிப் பங்குச் சந்தைக்குப் போய்விடும் என்பதால் ‘முறைப்பங்கு உரிமம்’ என்று முன்மொழிகிறேன். முன்கூட்டியே நாள் குறித்த முறை இதில் இல்லையே, முந்தியவனுக்குத்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இதை விடப் பொருத்தமாக ஒன்று வந்தால் என்னுடையதை எடுத்துவிடலாம், மிதப்பதை மட்டும் திருப்பிக் கொண்டுவர வேண்டாம்.

வருடச் சந்தா, ஒருமுறைக் கட்டணம் இரண்டுக்கும் இருக்கிற சொற்களே போதும்.

கையேட்டு வரைவில் இவற்றைப் போட்டுவிட்டேன். ‘ட்ரங்க்’ மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. கொழும்புக்கு ட்ரங்க் கோல் பதிந்துவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு அது தூரத்து அழைப்பு. இங்கே வேண்டியது எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே போகும் பாதை. தற்காலிகமாக ‘வெளிவழி’ என்று வைத்திருக்கிறேன், ஆனால் உள்ளே வரும் அழைப்பும் அதே வழியால்தானே வருகிறது. யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

நன்றி.