கோத்தகிரி இறக்கத்தில் பிரேக் பெடல் தரையைத் தொட்டது, உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா?

அரவேணு43:
பத்து நாள் ஆகிவிட்டது, இன்னும் ராத்திரி தூக்கத்தில் வலது கால் தானாக மிதிக்கிறது. அம்மாவைக் கண் பரிசோதனைக்காகக் கோயமுத்தூர் கூட்டிப் போனேன். சீசன் என்பதால் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கி வைத்திருந்த நேரம், ஆகவே எனக்கு முன்னால் வெளியூர் வண்டிகள் வரிசையாக, வளைவுக்கு வளைவு பிரேக் அடித்துக்கொண்டே இறங்கின. நானும் அவர்கள் பின்னாலேயே மூன்றாவது கியரில் மிதித்து மிதித்துப் போனேன். டாக்டர் சொன்ன நேரம் தவறிவிடக் கூடாது என்கிற அவசரம் வேறு.

குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவு. மிதித்தேன், பெடல் சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கீழே இருக்கும் ரப்பர் மிதியடியின் முட்கள் செருப்பில் குத்துவது தெரிந்தது. அந்தக் குத்தல்தான் போகவே மாட்டேன் என்கிறது. இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்தேன், கொஞ்சம் பிடித்தது, மறுபடி போய்விட்டது. கியரை இரண்டுக்கும் ஒன்றுக்கும் இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலை ஓர மண்ணில் இடது பக்கத்தை உரசித்தான் நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அங்கேயே முக்கால் மணி நேரம் நின்றோம். பலாப்பழ சீசனில் அந்த இடத்தில் யானை வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் மிதித்துப் பார்த்தால் பெடல் பழைய மாதிரி கெட்டியாக நிற்கிறது! மேட்டுப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப், இங்கே ஒரு ஒர்க்‌ஷாப், இரண்டிலும் பார்த்துவிட்டு ஆயில் கசியவில்லை, பேட் பாதிக்கு மேல் இருக்கிறது, ஒன்றுமில்லை என்கிறார்கள். 2017 பெட்ரோல் வண்டி, 82,000 கிலோமீட்டர். ஒன்றுமில்லை என்று சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காரணம் தெரியாமல் அம்மாவை எப்படி மறுபடி ஏற்றுவேன்?

கேத்தி டிரைவர்:
தம்பி, அம்மா நல்லபடியாக இருக்கிறார்களே, அதுவே பெரிய விஷயம். ஆனால் நேராகச் சொல்கிறேன், மூன்றாவது கியர்தான் தப்பு. 22 வருஷமாக இந்த மலையில் டாக்ஸி ஓட்டுகிறேன், எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும்.

கல்லட்டியில் வெளியூர் வண்டிகளை இறங்க விட்டுக்கொண்டிருந்த காலம். 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை இருக்கும். மசினகுடிக்கு இறங்கும்போது எனக்கு முன்னால் ஒரு வெள்ளை வண்டி, ஆறேழு வளைவு தாண்டியும் அதன் பின் சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. ஹாரன் அடித்தேன், விளக்கு போட்டுக் காட்டினேன், நான் முந்தப் பார்க்கிறேன் என்று நினைத்து ஓரம் ஒதுங்கி வழிவிட்டார். நானும் நிறுத்தி இறங்கினேன். முன் சக்கரத்திலிருந்து புகை வருகிறது, அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீரை டிஸ்க்கில் ஊற்றப் போகிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சிவப்பு விளக்கை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிவிடும், விரிசலும் விடும். ஓரமாக நிறுத்தி, கியரில் போட்டு, கல் வைத்து, அரை மணி நேரம் தானாக ஆறவிடுங்கள். இறங்கும்போது காலைப் பெடல் மேலேயே வைத்திருக்காதீர்கள். கொஞ்சம் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும், மறுபடி வேகம் கூடினால் மறுபடி மிதிக்கலாம். பின்னால் ஹாரன் அடிக்கிறவனுக்கு இடம் வந்ததும் ஒதுங்கிக் கொடுங்கள், அவனுக்காக மேல் கியர் போடாதீர்கள். ஆயில், பேட் என்று தேடுவதை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள், போதும்.

தாண்டிக்குடி காபி:
கேத்தி ஐயா சொல்லும் கியர் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஆயிலைத் தேடாதே என்பதை ஒப்புக்கொள்ள முடியாது, அது ஆபத்து. இவர் கேட்டது பெடல் ஏன் தரைக்குப் போனது, அப்புறம் ஏன் தானாகத் திரும்பி வந்தது என்று.

பேட் சூடாகிப் பிடிமானம் போனால் பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், வண்டிதான் நிற்காது. பெடல் உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. ஆயிலை அழுத்தினால் அமுங்காது, அதில் ஆவிக் குமிழி வந்துவிட்டால் அந்தக் குமிழிதான் அமுங்கும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடல் வந்துவிடும், மெக்கானிக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் கதை அப்படியே இதுதான் நண்பரே.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி, அது தர விதி. ஈரம் இழுத்த பிறகு அந்த விதியே டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 என்று இறங்கிவிடுகிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 1,450 மீட்டர் இறக்கம். ஆட்களோடு ஒன்றேகால் டன் வண்டி என்று வையுங்கள், எஞ்சினும் காற்றும் எதையும் வாங்காமல் முழுவதையும் பிரேக்கே வாங்கினால் அந்தச் சூட்டில் 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அவ்வளவும் முன் சக்கரத்து இரண்டு டிஸ்க்கும் பின்னால் இரண்டு டிரம்மும் சுமக்க வேண்டும். அதனால் கியரும் முக்கியம், ஆயிலும் முக்கியம். கடைசியாக எப்போது பிரேக் ஆயில் மாற்றினீர்கள்? குறைந்ததற்கு ஊற்றுவதைக் கேட்கவில்லை, முழுக்க எடுத்துவிட்டு மாற்றியதைக் கேட்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

என் அனுபவம் வேறு மாதிரி. பழனி – பெருமாள்மலைப் பாதையில் மாமா ஓட்டினார், நான் பக்கத்தில். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு எஞ்சினையும் அணைத்துவிட்டார். முதல் மிதி நன்றாகப் பிடித்தது, இரண்டாவது பாதி, மூன்றாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிட்டது, ஸ்டீயரிங்கும் இறுகிவிட்டது. எஞ்சின் ஓடினால்தான் நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்கும், அணைத்த பிறகு அதில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். மாமா சீட்டில் முதுகை ஊன்றி இரண்டு காலாலும் மிதித்தார். கழுத்து நரம்பு புடைத்து நின்றதை இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். நான் சாவியைத் திருப்பினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் இப்போது இல்லை, உடம்புக்கு முடியாமல் போனார், ஆனால் அவரை நினைத்தால் அந்தக் கழுத்துதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பண்ணைக்காடு டீச்சர்:
பிரேக் பற்றிப் பேசுகிறீர்கள், என்னுடையது கிளட்ச், ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏஎம்டி, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாற்றும் வண்டி வைத்திருக்கும் யாராவது படிக்கட்டும். கொடைக்கானலுக்கு 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வந்த பிறகும் கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டிகள் நகராது. ஏற்றத்தில் வண்டி பின்னால் போகாமல் இருக்க ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே நிறுத்தி வைத்திருந்தேன், ஆட்டோமேட்டிக் என்றால் அப்படிச் செய்யலாம் என்று நினைத்தேன். முதலில் கருகின வாசனை, வேறு யார் வண்டியோ என்று கண்ணாடியை ஏற்றினேன். அப்புறம் எஞ்சின் கத்துகிறது, வண்டி பின்னால் நகர்கிறது. பின்னால் ஒரு வேன். பிரேக்கை மிதித்தேன், நின்றது, ஆனால் காலை எடுக்க முடியாது. சோளம் சுட்டு விற்கும் பையன் ஒருவன் தணலை விட்டுவிட்டு ஓடிவந்து, நான் கேட்காமலே பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். "அக்கா, இப்ப காலை எடுங்க" என்றான். அவன் சொல்லும்வரை நான் மூச்சு விடவில்லை. கிளட்ச் செட் முழுதும் மாற்ற வேண்டியிருந்தது.

ஏஎம்டி வண்டிக்கு உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச் பிளேட்தான், மிதிக்கிற வேலையைத்தான் மோட்டார் செய்கிறது. ஏற்றத்தில் நின்றால் கால் பிரேக் அல்லது ஹேண்ட் பிரேக், ஆக்ஸிலேட்டர் வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியரில் போங்கள், தானாக விட்டால் சில சமயம் அதுவாக மேல் கியருக்குப் போய்விடுகிறது.

தலைக்குந்தா:
பிடிக்காத பிரேக் பேச்சுக்கு நடுவில், விடாமல் ஒட்டிக்கொண்ட பிரேக் ஒன்று. ஜனவரி உறைபனியில் ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு விட்டுவிடாதீர்கள், முந்தின நாள் வண்டி கழுவியிருந்தால் டிரம்முக்குள் ஈரம் உறைந்து லைனிங் ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு காலையில் பின் சக்கரம் சுற்றவே இல்லை, புல் மேல் வெள்ளையாக இரண்டு கோடு இழுத்துக்கொண்டு போனது. சமதளமாகப் பார்த்து முதல் கியரில் போட்டு, கல் வையுங்கள். கண்ணாடிப் பனிக்குச் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், பக்கத்து வீட்டில் ஊற்றி, டப் என்று ஒரு சத்தம், கண்ணாடி ஓரத்திலிருந்து ஓரம்வரை கீறல்.

கேத்தி டிரைவர்:
தாண்டிக்குடிக்காரர் சொன்னதை யோசித்தேன். எங்கள் ஸ்டாண்டில் பெடல் உள்ளே போய்த் திரும்பி வந்தது என்று இரண்டு பேர் முன்பு சொல்லியிருக்கிறார்கள், நான் அப்போது நம்பவில்லை, மிதித்ததே சரியில்லை என்று ஒருவரைத் திட்டியும் விட்டேன். ஆயில் மாற்ற வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆயில் மாற்றிவிட்டோம் என்று மூன்றாவது கியரில் இறங்கினால் புது ஆயிலும் ஒரு நாள் கொதிக்கும், அதையும் எழுதி வையுங்கள். தம்பி, ஆயில் மாற்றும்போது நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். டப்பாவில் மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், கொதிப்பது சக்கரத்துப் பக்கம் இருக்கும் ஆயில்தான்.

அரவேணு43:
எல்லோருக்கும் நன்றி. சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், பிரேக் ஆயில் மாற்றியது 2020-இல். அதற்கப்புறம் எல்லா சர்வீஸிலும் பார்த்தோம், சரியாக இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அளவு சரியாக இருந்திருக்கும்.

நேற்று மாற்றினோம், பக்கத்திலேயே நின்றேன். நான்கு சக்கரத்திலும் எடுத்தார்கள். வலது முன் சக்கரத்திலிருந்து குழாய் வழியாகப் பாட்டிலில் இறங்கியது ஆறின டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது, புதிதைப் பக்கத்தில் வைத்தால் தேன் மாதிரித் தெளிவாக இருந்தது. பழையதை ஒரு பாட்டிலில் ஊற்றி வாங்கி வந்திருக்கிறேன், ஒன்றுமில்லை என்று சொன்ன இரண்டு இடத்திலும் காட்டப் போகிறேன், சண்டைக்கு இல்லை, அடுத்து வருகிறவருக்காவது பார்க்கட்டும்.

இன்று காலை தனியாகக் குஞ்சப்பனைவரை இரண்டாவது கியரிலேயே இறங்கிப் பார்த்தேன். மண்ணில் என் வண்டி உரசின தடம் இன்னும் இருக்கிறது, இரண்டு ஆள் நீளம். பெடல் எங்கேயும் இறங்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன், சரி என்று மட்டும் சொன்னார். அடுத்த பரிசோதனை மாதக் கடைசியில், பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்கிறார்.