ஓவர்டயக்னோசிஸ்: தமிழில் என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பாளர், மதுரை

குழுவினருக்கு வணக்கம். தைராய்டு முடிச்சு உள்ளவர்களுக்கான நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் முட்டி நிற்கிறேன்: ஓவர்டயக்னோசிஸ் (வாழ்நாளில் தொல்லையே தந்திருக்காத நோயைக் கண்டுபிடித்துவிடுவது), லோ வேல்யூ கேர் (செலவுக்கு ஏற்ற பயன் தராத மருத்துவம்).

முதலாவதற்கு ‘மிகைநோயறிதல்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் அத்தை, “மிகைநோயா? அப்படின்னா நோய் முத்திப்போச்சா?” என்று கேட்டார். கையேடு சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது. நோயாளி கையில் போகிற தாள் இது. கலங்கிப்போய் உட்கார்ந்திருப்பவர் ஒரு தடவை படித்ததும் புரிய வேண்டும். உதவுங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

அம்மா, உங்கள் அத்தை கேட்டது நல்ல இலக்கணக் கேள்வி. மிகைநோய் + அறிதல் என்றும் பிரிக்கலாம், மிகை + நோயறிதல் என்றும் பிரிக்கலாம். இடைவெளி விட்டால் எழுத்தில் பாதி தீரும், பேச்சில் தீராது.

நன்னூல் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது ‘குன்றக் கூறல், மிகைபடக் கூறல்’ என்று தொடங்குகிறது. அதே வாய்பாட்டில் ‘மிகைபடக் காணல்’ என்று சொல்லலாம். மிகை இங்கே காணும் செயலைத்தான் தழுவும், நோயைத் தொடாது. அண்டர்டயக்னோசிஸ் (இருக்கிற நோய் கண்டுபிடிக்கப்படாமல் போவது) என்று நாளைக்கு ஒருவர் வந்து நிற்பார். அவருக்குக் ‘குன்றக் காணல்’ தயாராக இருக்கிறது. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தை ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்றே தொடங்குகிறார். அவர் சொன்னது வளி முதலான மூன்றை. மருத்துவப் பார்வைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

மருத்துவர், கோவை

ஐயாவின் இணை அழகானது. ஆனால் நன்னூலில் அது குற்றப் பட்டியல், எனக்கு அங்கேதான் தயக்கம். ஓவர்டயக்னோசிஸ் என்பது மருத்துவரின் பிழை அல்ல. இல்லாத நோயை இருப்பதாகச் சொன்னால் அது தவறான பாசிட்டிவ். ஒரு நோயை இன்னொன்றாகச் சொன்னால் தவறான நோயறிதல். இது மூன்றாவது வகை. நோய் உண்மையிலேயே இருக்கிறது, மைக்ராஸ்கோப்பில் புற்றணுக்கள் தெரிகின்றன, அறிக்கையும் சரி. ஆனால் அந்த மனிதர் சாகும்வரை அது அவரை ஒன்றும் செய்திருக்காது.

தென்கொரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1999இல் அரசு புற்றுநோய் ஸ்கிரீனிங் (அறிகுறி இல்லாதவர்களையும் சோதிப்பது) திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வந்தவர்களுக்குச் சின்னக் கூடுதல் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2011இல் தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. அந்த ஓராண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல் புற்றுநோய் என்று சொல்லப்பட்டது. அந்த நோயால் இறந்தவர்கள் எப்போதும்போல ஆண்டுக்கு 300, 400 பேர்தான். இவ்வளவு பேரைக் கண்டுபிடித்தும் சாவு குறையவில்லை. ஆனால் கண்டுபிடிக்கப்பட்ட அநேகமாக எல்லோருக்கும் சுரப்பியை வெட்டி எடுத்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் நூற்றுக்குப் பதினொருவருக்குப் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் சேதமாகிக் கால்சியம் குறைந்தது, இருவருக்குக் குரல்நாண் செயலிழந்தது. சுரப்பி முழுவதும் போனவர்கள் வாழ்நாள் முழுக்க தினம் ஒரு மாத்திரை.

2014இல் சில கொரிய மருத்துவர்களே முன்வந்து, இந்த ஸ்கேன் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஓராண்டுக்குள் அறுவைகள் 35 விழுக்காடு குறைந்தன.

இத்தனையும் ஒரு சொல்லில் வராது. ஆனால் இதற்கு எதிரான பொருள் தரும் சொல் வேண்டாம்.

வாசகர், யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கள் பக்கம் டயக்னோசிஸ் என்றால் நோய்நிர்ணயம். ‘மிகைநிர்ணயம்’ என்று விட்டால் அத்தையின் மயக்கம் போய்விடும், ‘நோய்’ நடுவில் வந்தால்தானே சிக்கல். டொக்டர் சொன்ன கொரியக் கதையில் வைத்தியர் நிர்ணயித்தது சரி, நிர்ணயிக்கத்தான் தேவை இருக்கவில்லை. அதையும் யோசியுங்கள்.

தனித்தமிழ் அன்பர், சென்னை

நிர்ணயம் வடசொல். ‘சிகிச்சை’யைத் தாங்குவதே பெரும்பாடாக இருக்கும்போது இதையும் ஏன் சுமக்க வேண்டும்? தொல்காப்பியர் ‘உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள’ என்று மூன்று உரிச்சொற்களைக் கையில் கொடுத்திருக்கிறார். ‘நனிகாணல்’ ஐந்தே எழுத்து, வாயில் நிற்கும். ‘உறு’ வேண்டாம், உறுபசிபோல உறுநோய் ஆகிவிடும். ‘தவ’ தவத்தோடு குழம்பும். நனிதான் சரி.

கூடவே ஒன்று. தைராய்டு என்பது கிரேக்கத்தில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கேடயச் சுரப்பி என்று சிலர் எழுதுகிறார்கள். கேடயமே கேடகத்தின் திரிபு. சங்க இலக்கியத்தில் கிடுகு உண்டு, தோல் உண்டு. கிடுகுச் சுரப்பி என்றால் என்ன குறை?

வாசகர், யாழ்ப்பாணம்

கிடுகு என்றால் எங்களுக்கு வேலி அடைக்கிற பின்னிய தென்னோலை. வைத்தியசாலையில் கொடுக்கிற தாளில் ‘உங்கள் கிடுகில் ஒரு முடிச்சு’ என்று இருந்தால் ஆட்கள் வீட்டுக்குப் போய் வேலியைத்தான் பார்ப்பார்கள். தைரொயிட் என்பது இன்றைக்குச் சந்தையில் மீன் விற்கிறவருக்கும் தெரிந்த சொல். அதைத் தொட வேண்டாம்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

‘நனி’ இன்று ‘நனி நன்று’ என்பதைத் தாண்டி யார் வாயிலும் இல்லை. அதில் நல்லது என்ற சாயலும் ஏறிவிட்டது. தேவையில்லாமல் கழுத்தை அறுத்துக்கொண்டவரிடம் அந்தச் சாயலோடு பேச முடியாது.

‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்றாரே வள்ளுவர், அந்த நாடலை எடுத்தால் என்ன? ‘மிகைநாடல்’. நாடித்துடிப்பின் நாடி வேறு சொல், இது நாடு என்னும் வினை. குழப்பம் வராது.

மருத்துவர், கோவை

நாடல் தேடலைக் குறிக்கிறது. அளவுக்கு மீறித் தேடுவது மிகைப்பரிசோதனை. அதன் விளைவாகத்தான் ஓவர்டயக்னோசிஸ் வருகிறது, அதன் பின்னால் மிகைச்சிகிச்சை. மூன்றையும் தனித்தனியே சொல்ல வழி இருக்க வேண்டும், ஏனென்றால் சங்கிலியை எந்தக் கண்ணியிலும் அறுக்கலாம். கழுத்தில் 6 மி.மீ. முடிச்சு, டி.ஆர். 4 (ஸ்கேனில் ஓரளவு சந்தேகம் என்னும் வகை) என்று அறிக்கையோடு ஒருவர் வருகிறார். அமெரிக்கக் கதிரியக்கவியலாளர் கல்லூரியின் 2017 வழிமுறைப்படி அந்த வகை முடிச்சு ஒன்றரை செ.மீ. ஆனால்தான் ஊசி குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். 6 மி.மீ. முடிச்சை அப்படியே விட்டுவிடலாம். ஸ்கேன் நடந்து முடிந்துவிட்டது, ஊசியையாவது தவிர்க்கலாம் அல்லவா?

பெயர் முக்கியம் என்பதை எங்கள் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. உறைக்குள் அடங்கி, பக்கத்துத் திசுவுக்குள் பரவாத ஒரு வகைத் தைராய்டு கட்டியின் பெயரிலிருந்து 2016இல் கார்சினோமா (புற்றுநோய்) என்ற சொல்லையே நீக்கினார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நோயாளியும் வெட்டச் சொன்னார், மருத்துவரும் வெட்டினார்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

நன்றி டாக்டர். லோ வேல்யூ கேருக்கு யாரும் வாய் திறக்கவில்லையே. வேறொரு கையேட்டில் ‘குறைமதிப்பு மருத்துவம்’ என்று பார்த்தேன். மட்டமான ஆஸ்பத்திரி என்று படிக்கிறது.

மருத்துவர், கோவை

அது வேண்டவே வேண்டாம். விலை அதிகமாகவும் பயன் குறைவாகவும் இருப்பதுதான் இதில் பெரும்பாலும். சாதாரண முதுகுவலி, கால் மரத்துப்போகவில்லை, சிறுநீர் அடைக்கவில்லை, காய்ச்சல் இல்லை. முதல் ஆறு வாரத்தில் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. தேவையற்ற சோதனைகளைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய சூசிங் வைஸ்லி இயக்கத்தின் பட்டியல்களில் இது முன்வரிசையில் இருந்தது. இங்கே வலிக்கிறது என்று வந்த வாரமே படம் எடுத்துவிடுகிறோம். படத்தில் ஒரு டிஸ்க் பிதுங்கல் தெரியும். வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு. அதற்கப்புறம் அந்த மனிதர் குனியவே பயப்படுகிறார்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

குறளில் ‘பயனில சொல்லாமை’ அதிகாரம் இருக்கிறதே. ‘பயனில் சிகிச்சை’ என்னலாம்.

தனித்தமிழ் அன்பர், சென்னை

பயன் + இல் என்று நீங்கள் பிரிப்பீர்கள். படிப்பவர் ஏழாம் வேற்றுமை என்று எடுத்து, பயனில் உள்ள சிகிச்சை என்பார். அப்புறம், பயன் அறவே இல்லை என்பதும் உண்மை ஆகாதே. ‘பயன் குறைந்த மருத்துவம்’ போதும். சிகிச்சையும் ஒழிந்தது.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

இன்று வியாழன். கைவசம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘பயன் குறைந்த மருத்துவம்’, இதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். ஓவர்டயக்னோசிஸுக்கு, இடைவெளி விட்டு, ‘மிகை நோயறிதல்’. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் இதற்குத்தான் கை அதிகம், அரைமனதுக் கைகள்தான். முதல் தடவை வரும் இடத்தில் பெரிய எழுத்தில் இந்த வாக்கியம் போகிறது: ‘உங்களுக்கு எப்போதும் தொல்லை தராமலே இருந்திருக்கக்கூடிய ஒன்றைச் சோதனை கண்டுபிடித்துவிடலாம்.’

மருத்துவர், கோவை

வாக்கியம் நன்றாக இருக்கிறது. ஆனால் யாருடைய முடிச்சு தொல்லை தராது என்று தனி ஒருவருக்கு முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. ஆகவே ‘கண்டுபிடித்துவிடலாம்’ என்பதைக் ‘கண்டுபிடித்துவிட்டது’ என்று யாரும் திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முடிச்சு என்று வர வேண்டிய இடத்தில் எங்கேயாவது கட்டி என்று வந்திருக்கிறதா பாருங்கள். கட்டி என்று படித்தாலே புற்றுநோய் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் அண்டர்டயக்னோசிஸ் வரும் அன்று ‘குறை நோயறிதல்’ என்று எழுதுவீர்கள், யாராவது சேர்த்து அச்சிடுவார்கள், அது குறைநோய் ஆகும். மிகைபடக் காணல், குன்றக் காணல் இரண்டையும் குழுவின் சொற்பட்டியலில் மாற்றுச் சொற்களாகச் சேர்த்துவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.