கிரேக்கப் புராணப் படங்களில் யாருடைய முகம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். பள்ளியில் படித்த காலத்தில் 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' (1981) படத்தை டிவியில் பார்த்தேன். கடல் பூதத்துக்குப் பலியாகப் பாறையில் சங்கிலியால் கட்டப்பட்ட இளவரசி ஆண்ட்ரோமெடாவாக ஜூடி பௌக்கர் என்ற வெள்ளைக்கார நடிகை வந்தார். எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. கிரேக்கக் கதை என்றால் வெள்ளைக்காரர்கள்தானே என்று இருந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து, லண்டனில் வேலை பார்த்தபோது, வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் இத்தாலிய ஓவியர் டிஷியன் அதே காட்சியை வரைந்த ஓவியத்தைப் பார்த்தேன். அவளைக் காப்பாற்ற வரும் வீரன் பெர்சியஸ் வானத்திலிருந்து தலைகுப்புறப் பாய்கிறான். ஆண்ட்ரோமெடாவின் காலடியில் சிவப்புப் பவளம் கிடக்கிறது. அவள் உடம்பு மட்டும் பாலில் தோய்த்த மாதிரி வெள்ளை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "இவள் எத்தியோப்பிய அரசனின் மகள், தெரியுமா?" என்றார்.

அன்று இரவே, இந்தக் கதையைப் பாடிய பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட்டைத் தேடிப் படித்தேன். கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோ எழுதுவதுபோல, ஓவிட் பெயரில் வழங்கும் ஒரு கவிதைக் கடிதம்: நான் வெளுப்பாக இல்லாவிட்டால் என்ன, தன் நாட்டு நிறத்தில் கறுத்திருந்த ஆண்ட்ரோமெடாவைப் பெர்சியஸுக்குப் பிடித்ததே என்கிறாள். வேறொரு நூலில், பெர்சியஸ் அவளைக் 'கறுத்த இந்தியர்களிடமிருந்து' கொண்டுவந்தான் என்றே எழுதுகிறார். அந்தக் காலத்து ரோமானியர்களுக்கு எத்தியோப்பியாவும் இந்தியாவும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துபோகும்.

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று கல்யாண வீடுகளில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அதே ஓவிட், கட்டுண்டு நின்றவளைப் பெர்சியஸ் பளிங்குச் சிலை என்றே நினைத்திருப்பான், காற்றில் முடி அசைந்ததாலும் கண்ணீர் வழிந்ததாலும்தான் உயிருள்ளவள் எனத் தெரிந்தது என்கிறார். அசையாமல் நின்றதைச் சொல்ல வந்த உவமை அது. பின்னால் வந்தவர்கள் அதில் நிறத்தைப் பார்த்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. பழங்காலத்திலேயே அவளை வெளுப்பாகவும் கற்பனை செய்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் சினிமாவில் அந்த ஒரு பாதி மட்டும்தான் வந்தது. அதே படத்தை 2010-இல் மறுபடி எடுத்தபோது அலெக்ஸா டவாலோஸ், 2012-இல் வந்த அதன் அடுத்த பாகத்தில் ரோசமண்ட் பைக், இருவரும் வெள்ளைக்காரர்கள்தான். 2010 படத்தில் அவள் ஊரே கிரேக்க நகரமான ஆர்கோஸ் ஆகிவிட்டது. எத்தியோப்பியா காணாமலே போனது.

2018-இல் ட்ராய் டிவி தொடரில் கறுப்பின நடிகர் டேவிட் கியாஸி கிரேக்க மாவீரன் அகிலீஸாக வந்தபோது 'மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்று எவ்வளவு கூச்சல்! ஆண்ட்ரோமெடாவுக்காக அப்படி யாரும் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

*

உங்கள் பதிவைப் படித்ததும் 'பிளாக் ஆர்ஃபியஸ்' (1959) ஞாபகம் வந்தது. ஃபிலிம் சொசைட்டி ஒன்றில், பிரேசிலைச் சேர்ந்த ஒரு தோழியோடு பார்த்தேன். கிரேக்கப் புராணத்தின் இசைக் கலைஞன் ஆர்ஃபியஸ் இதில் ரியோவில் டிராம் ஓட்டுகிறான். நடித்த ப்ரெனோ மெல்லோ கால்பந்து வீரர். அவன் கிட்டார் வாசித்தால்தான் சூரியன் உதிக்கும் என்று குழந்தைகள் நம்புகிறார்கள். அவன் இறந்த மறுநாள் விடியலில் ஒரு சிறுவன் அந்தக் கிட்டாரை எடுத்து வாசிக்க, சூரியன் மேலே வருகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோழி பேசாமல் இருந்தாள். வெளியே வந்த பிறகு, "எங்கள் குன்றுக் குடிசைகளில் இப்படி நாள் முழுக்க ஆடிக்கொண்டா இருக்கிறார்கள்? எடுத்தவர் பிரெஞ்சுக்காரர், அவர் வந்து பார்த்த பிரேசில் இது" என்றாள். படம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் திரையில் கறுப்பு முகம் வந்துவிட்டாலே போதும் என்று அதற்கப்புறம் நான் நினைப்பதில்லை.

*

என் அனுபவம் சின்னது. என்னோடு அறையில் தங்கியிருந்த ஏதென்ஸ் பையன், "எங்களை யாரும் கேட்பதே இல்லை. எங்கள் கதைகளில் பாதிப் பேர் லண்டன் ஆங்கிலம் பேசுகிறார்கள்" என்பான். ஒருநாள் காகோயானிஸ் இயக்கிய 'த ட்ரோஜன் விமன்' (1971) போட்டுக் காட்டினான். ட்ராய் போருக்குக் காரணமான பேரழகி ஹெலனாக ஐரீன் பாப்பாஸ், கிரேக்க நடிகை. பொன்னிறக் கூந்தலோடு ஒருத்தி வருவாள் என்று காத்திருந்தேன். மரச் சட்டங்களின் இடுக்கில் முதலில் தெரிந்தவை இரண்டு கண்கள், கன்னங்கரேலென்று. "பார், எங்கள் அத்தை மாதிரியே இருக்கிறாள்" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.