புதுப்பிப்பு: கனடா பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கார்டு கைக்கு வந்துவிட்டது

கடந்த 5 வருடத்தில் கனடாவில் இருக்க வேண்டிய 730 நாள் இருக்கவில்லை, கார்டைப் புதுப்பிக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, கனடியக் குடிமகனான கணவரோடு வெளிநாட்டில் இருந்த நாளும் கணக்கில் சேரும் என்ற யோசனைதான். காசு வாங்கிய ஆலோசகர் இதை வாயே திறக்கவில்லை! கணவர் வேலைக்காகச் சென்னை போனபோது கூடவே போனவள் நான். திருமணச் சான்றிதழ், அவருடைய பாஸ்போர்ட் நகல், இருவர் பெயரிலும் இருந்த வாடகை ஒப்பந்தம் எல்லாம் வைத்து, 50 டாலர் கட்டி அனுப்பினேன்.

எதிர்பாராதது: முதல் தடவை முழு விண்ணப்பமும் திரும்பி வந்தது. போட்டோவின் பின்பக்கம் ஸ்டுடியோ முகவரியும் எடுத்த தேதியும் இல்லையாம். முத்திரை குத்தி வாங்கி மறுபடி அனுப்பினேன். அப்புறம் ஒரு கேள்வியும் வரவில்லை. கார்டு காலாவதியாகிக் கிடந்தபோதும் பி.ஆர். தகுதி போகவில்லை, விமானம் ஏறுவதை மட்டும் தள்ளிப்போட்டேன்.