தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் குடும்பத்தோடு போக யோசனை வேண்டும்

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். மதுரையிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. அவர்கள் காருக்கு நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்தாகிவிட்டது. ஒரு நாள் முழுக்க, இந்த முகாம் இருக்கும் முதுமலைக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

அக்கா பையனுக்கு ஆறு வயது. யானையைக் கூண்டுக்கு வெளியே, மோயாற்றங்கரையில், மாவுத்தரோடு பார்க்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை. கேழ்வரகும் கொள்ளும் உருட்டி யானை வாயில் ஊட்டுவதை ஒரு தடவை பார்த்த குழந்தை மறக்காது. அந்த நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். காலை நல்லதா, மாலையா? கூட்டம் எப்போது குறைவு?

அப்புறம் அம்மாவுக்கு மூட்டுவலி. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும்? உட்கார இடம் உண்டா? வனத்துறை சவாரி வேனில் அவரால் ஏற முடியுமா?

போகும் வழிதான் இன்னொரு குழப்பம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், பையனுக்கு வாந்தி வரும். கூடலூர் வழி சுற்றுதான், ஆனாலும் அதுவே மேல் என்று படுகிறது. சிறு பிள்ளைகளோடு சமீபத்தில் போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.