முன்னால் ஒரு டயர் மட்டும் 195, மற்ற மூன்றும் 185: தகுதிச் சோதனையில் தேறுமா?

நெடுவழி:
வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய கார் வாங்கினேன், முன்சக்கர இழுவை வண்டி. அடுத்த மாதம் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். நேற்று வண்டியைக் கழுவும்போதுதான் கவனித்தேன், முன்னால் இடது டயரில் 185/65 ஆர்15 88எச் என்று இருக்கிறது, வலது டயரில் 195/65 ஆர்15 91எச். பின்னால் இரண்டும் 185தான். விற்றவரிடம் கேட்டால், "டயர் கிழிந்துபோச்சு, கடையில் அந்த அளவு இல்லை, இதைப் போட்டுக் கொடுத்தாங்க, கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்" என்கிறார். ஓட்டும்போது எனக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஆனால் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிகிறது, மூன்று முறை காற்று பிடித்துப் பார்த்தாயிற்று, நான்கு டயரிலும் அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது. பத்து மில்லிமீட்டர் அகலத்துக்காகச் சோதனையில் திருப்பி அனுப்புவார்களா? இன்னொரு 195 வாங்கி ஜோடி சேர்த்துவிட்டால் போதுமா?

பழைய ஸ்பானர்:
தேறாது தம்பி. நாட்டுக்கு நாடு விதி கொஞ்சம் மாறும், ஆனால் ஒரே ஆக்ஸிலில், அதாவது இடமும் வலமுமாக ஒரே அச்சில், இருக்கும் இரண்டு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதைச் சோதனை நடக்கும் இடங்களில் பெரும்பாலும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். முதலில் டயரின் பக்கவாட்டைத்தான் படிப்பார்கள்.

"கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்" என்று சொன்னது தப்பு. நடுவில் இருக்கிற 65 மில்லிமீட்டர் கிடையாது, அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு பக்கவாட்டின் உயரம் என்று அர்த்தம். அதனால் அகலம் கூடினால் உயரமும் கூடவே ஏறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 185இல் 65 சதவீதம் 120.25 மி.மீ., அது மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் 15 அங்குல ரிம் 381 மி.மீ., மொத்த விட்டம் 621.5. இதே கணக்கில் 195க்கு 634.5 வரும். 13 மி.மீ. வித்தியாசம். சின்ன டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 512 சுற்று சுற்றும், பெரியது 502. நேர்ரோட்டில் போனாலும் கிலோமீட்டருக்குப் பத்து சுற்று வித்தியாசம், அதை டிஃபரன்ஷியல்தான், அதாவது இடது வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் பல்சக்கரத் தொகுதிதான், ஓயாமல் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறது. வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய பல்சக்கரங்கள் அவை.

விளக்கு எரிவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பல வண்டிகளில் டயருக்குள்ளே அழுத்தம் பார்க்கும் கருவியே இருக்காது. காற்று இறங்கினால் டயர் கொஞ்சம் சிறுத்து வேகமாகச் சுற்றும், சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கிற ஏபிஎஸ் பிரேக் சென்சாரை வைத்து அதைக் கண்டுபிடிப்பார்கள். உங்கள் வண்டியில் மூன்று டயர் ஒன்றைவிட வேகமாகச் சுற்றுகிறது, அதற்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? ரீசெட் செய்தால் விளக்கு அணையும், தயவுசெய்து அப்படி அணைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

மழைப்பயணி:
அளவு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் வரும் எண்ணையும் பாருங்கள். போன வருடம் என் வண்டி அதில்தான் தேறவில்லை. நான்கும் 185/65 ஆர்15, நான்கும் புத்தம் புதுசு, ஆனால் கதவுப் பட்டியில் ஒட்டியிருக்கும் தாளில் 92 என்று போட்டிருக்கிறது, கடையில் எனக்குப் போட்டுவிட்டது 88. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 92 என்றால் 630. டீசல் எஞ்சின், முன்பக்கம் கனம். குடும்பத்தோடு பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றி எத்தனை முறை போயிருப்பேன் என்று அப்புறம் நினைத்தபோது மனசு கனத்துப்போனது. ஓட்டுநர் கதவைத் திறந்ததும் அந்தத் தாள் இருக்கும், இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

இருவழி:
எதற்கு வீண் செலவு? அந்த 195ஐப் பின்னால் கொண்டுபோய், இன்னொரு 195 மட்டும் வாங்கி ஜோடி சேருங்கள். முன்னால் இரண்டு 185, பின்னால் இரண்டு 195. ஆக்ஸிலுக்கு ஆக்ஸில் ஒன்றாகிவிட்டது. பெரிய கார்களில் கம்பெனியே பின்னால் அகலமாகத்தானே போடுகிறது.

பழைய ஸ்பானர்:
கம்பெனி போடுவது வேறு சார். அங்கே முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18 என்று இருக்கும். அகலம் கூடும்போது சதவீதத்தைக் குறைத்துவிடுகிறார்கள், விட்டத்தைக் கணக்குப் போட்டால் 659.7, 661.2, ஒன்றரை மி.மீ.தான் வித்தியாசம். நீங்கள் சொல்கிறபடி செய்தால் முன்னுக்கும் பின்னுக்கும் 13 மி.மீ. நிற்கும், காற்றழுத்த விளக்கும் போகாது. கையேட்டில் 195/65 இல்லையென்றால், ஜோடியாகப் போட்டாலும் பல இடங்களில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான்கு சக்கர இழுவை வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த யோசனை பக்கமே போகாதீர்கள். முன்னும் பின்னும் பிணைந்து ஓடும் வண்டியில் இந்த வித்தியாசம் நடுவில் இருக்கும் கிளட்சைச் சூடாக்கித் தேய்த்துவிடும்.

நெடுவழி:
கதவுத் தாளைப் பார்த்தேன், 185/65 ஆர்15 88எச் ஒன்று மட்டும்தான் போட்டிருக்கிறது. ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதுவும் 185/65, ரோட்டில் இறங்கியதே இல்லை, ரப்பர் முடிகள்கூட அப்படியே இருக்கின்றன. பணம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் 3412. அதாவது 2012இன் 34வது வாரம், சரிதானே? பக்கவாட்டை விரலால் அழுத்தினால் மயிரிழை போல வெடிப்பு வரிவரியாகத் திறக்கிறது. இதைப் போடலாமா?

மழைப்பயணி:
வேண்டாம். பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் பக்கத்தில் இருக்கும் வரிப்பள்ளம், முழுசாக இருக்கிறது என்பதை நம்பாதீர்கள், சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும். இரண்டு புது 185 ஒரே பிராண்டில், ஒரே மாடலில் வாங்குங்கள். மிஞ்சுகிற பழைய டயர்களில் பட்டன் ஆழத்தையும் அளந்துவிடுங்கள், பல நாடுகளில் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் தேறாது, மழையில் ஓட்ட 3 மி.மீ. இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

பழைய ஸ்பானர்:
புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். பின்னால் இருக்கும் இரண்டையும் முன்னால் கொண்டுவாருங்கள். முன்சக்கர வண்டிக்குப் புது டயர் முன்னால்தான் என்று கடையில் சொல்வார்கள். ஆனால் மழைத் தண்ணீரில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியைப் பிடித்துவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொள்ளும், சாதாரணமாக ஓட்டுகிறவர்களால் அதைச் சமாளிக்க முடியாது.

நெடுவழி:
அப்படியே செய்துவிட்டேன், பழைய இரண்டிலும் 4 மி.மீ. இருக்கிறது. கழற்றிய 195ஐயும் 185ஐயும் தரையில் அருகருகே நிறுத்திப் பார்த்தேன், மேலே ஒரு விரல் தடிமனுக்கு வித்தியாசம் தெரிந்தது. இரண்டு மாதமாகக் குழந்தைகளை வைத்துக்கொண்டு இதில்தான் ஓட்டியிருக்கிறேன். காற்று சரிபார்த்து, ரீசெட் செய்து, 60 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, விளக்கு வரவில்லை. எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

பழைய ஸ்பானர்:
நல்லது தம்பி. 60 கிலோமீட்டர் ஓடிவிட்டதென்றால் வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள், இன்றைக்கே.